புகையான் வந்த வழி

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 1: நடுக்கடலில் இறங்கிய கூட்டம்

1967 ஜூலை. பசிபிக் பெருங்கடல்.

ஜப்பானின் ஷியோனோமிசாகி முனையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி ஒரு கப்பல் நிற்கிறது. பெயர் 'ஓஜிக்கா'. அது சரக்கு ஏற்றும் கப்பல் இல்லை. மீன் பிடிக்க வந்ததும் இல்லை. வானிலைத் துறையினர் 'டாங்கோ' என்று குறிப்பெயர் வைத்த அந்த இடத்திலேயே நிலைகொண்டு காற்றழுத்தம் அளப்பதும், பலூன் விட்டு மேல்காற்றை அறிவதும், புயல் கிளம்பினால் கரைக்குத் தந்தி அடிப்பதும்தான் அதன் வேலை. செயற்கைக்கோள் படங்கள் இன்றுபோல் தாராளமாகக் கிடைக்காத காலம். நடுக்கடலில் மனிதர்கள் நின்று பார்ப்பதைக் கரையில் இருப்பவர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள்.

அந்தக் கப்பல்மேல் பூச்சிகள் வந்து இறங்கின. ஒன்றிரண்டாக இல்லை, கூட்டம் கூட்டமாக.

கப்பலில் இருந்த சுருவோக்கா என்பவர் அவற்றைப் பிடித்துச் சேகரித்தார். அவை அசாஹினா ஷோஜிரோ என்ற பூச்சியியலாளரிடம் போயின. அசாஹினா தட்டான்களை ஆராய்வதில் பெயர் பெற்றவர். வந்தவை தட்டான்கள் அல்ல என்று பார்த்ததுமே தெரிந்தது. நான்கைந்து மில்லிமீட்டர் நீளம். ஓரிரு மில்லிகிராம் எடை. வெண்முதுகுத் தத்துப்பூச்சி, கூடவே புகையான். நெற்பயிரின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, வயலையே கருக்கிவிடுகிற அதே புகையான்.

நெல்லைவிட்டால் அதற்கு வேறு உணவு இல்லை என்றே சொல்லலாம். மிக அருகிலுள்ள நெல்வயலே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். உப்புத் தண்ணீர் தவிர எதுவும் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

அந்தக் கேள்வியின் கனம் நமக்கு முழுதாக விளங்க வேண்டுமென்றால், 235 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

* * *

1732. ஜப்பானின் மேற்குப் பகுதி. அந்த ஆண்டு மழை ஓயவேயில்லை. குளிரும் ஈரமுமாகக் கிடந்த வயல்களில், கோடை நடுவில், தத்துப்பூச்சி பெருகியது. முதலில் வட்டமாக ஒரு திட்டு மஞ்சளாகும். சில நாளில் அந்த வட்டம் பழுப்பாகி விரியும். பிறகு பக்கத்து வட்டத்தோடு சேரும். கதிர் பால்பிடிக்கும் முன்பே பயிர் மடிந்து விழும்.

46 சிற்றரசுப் பகுதிகள் பாதிக்கப்பட்டன. அவற்றின் வழக்கமான விளைச்சல் சுமார் 23 லட்சத்து 60 ஆயிரம் கொக்கு. 'கொக்கு' என்பது அந்நாட்டு அரிசி அளவை. அந்த ஆண்டு வீடு வந்து சேர்ந்தது ஏறக்குறைய 6 லட்சத்து 30 ஆயிரம். நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. பட்டினியால் இறந்தோர் சுமார் 12,000 பேர் என்று சிற்றரசுகள் மேலிடத்துக்குக் கணக்குக் கொடுத்தன. ஆட்சியாளரின் வரலாற்றுத் தொகுப்போ 9 லட்சத்துக்கும் மேல் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை கிடக்கிறது. தன் எல்லைக்குள் மக்கள் மடிந்தால் தண்டனை தனக்கு வரும் என்று அஞ்சிய சிற்றரசர்கள் கணக்கைக் குறைத்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஷிகோகு தீவில், மட்சுயாமா பகுதியில் சாக்குபெய் என்று ஒரு விவசாயி இருந்தார். அவருடைய தந்தையும் மகனும் பட்டினியில் இறந்துபோனார்கள். அவர் வீட்டில் ஒரு மூட்டைத் தானியம் இருந்தது. அடுத்த குளிர்காலப் பயிருக்கு விதைக்க வைத்திருந்தது. அதைச் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று ஊரார் கெஞ்சினார்கள். விதையைத் தின்றுவிட்டால் அடுத்த ஆண்டு ஊருக்கே சோறு இருக்காது என்று அவர் மறுத்தார். அந்த மூட்டையின்மேல் தலைவைத்தபடியே இறந்தார் என்று அவ்வூர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர் நினைவாக அங்கே கோயில் இருக்கிறது.

ஒரு மூட்டை விதைக்காக உயிரை விட்ட அந்த மனிதருக்குத் தன் வயலைத் தின்றது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. யாருக்குமே தெரியாது.

* * *

தெரியாத இடத்தைக் கதை நிரப்பும். 1183 இல் நடந்த ஒரு போரில் சானேமோரி என்ற முதிய வீரனின் குதிரை, அறுத்த நெல்லின் அடித்தாளில் கால் இடறி விழுந்ததாம். அந்த நேரம் பார்த்து எதிரி அவன் தலையை எடுத்தான். நெல்லின்மேல் கொண்ட வன்மத்தால் அவனே பூச்சியாகப் பிறந்து வருகிறான் என்று மக்கள் நம்பினார்கள். கோடை இரவுகளில் வைக்கோலால் அவன் உருவம் செய்து, தீப்பந்தமும் மேளமுமாக வயல்வழியே தூக்கிப்போய் ஊர் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வருவார்கள். பூச்சியை ஊரைவிட்டு வழியனுப்பும் சடங்கு அது.

நம்பிக்கையோடு கைவைத்தியமும் இருந்தது. திமிங்கல எண்ணெயை வயல் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது படலமாகப் பரவியதும் பயிரைத் தட்டிவிடுவார்கள். தூரில் இருக்கும் பூச்சி எண்ணெய்த் தண்ணீரில் விழுந்து மூச்சடைத்துச் சாகும். ஒகுரா நாகட்சுனே என்ற வேளாண் எழுத்தாளர் 1826 இல் இந்த முறையைப் படங்களோடு நூலாகவே எழுதிவைத்தார். நல்ல முறைதான். ஆனால் பூச்சி கண்ணில் பட்ட பிறகுதான் எண்ணெய் ஊற்ற முடியும். புகையானைக் கண்ணால் கண்டு கவலைப்படும் நாளில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தஞ்சையிலோ திருவாரூரிலோ அந்த வட்டக் கருகலைப் பார்த்த எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1940 இல் மறுபடி பேரழிவு. அடுத்த ஆண்டே ஜப்பானிய அரசு பூச்சி, நோய் முன்னறிவிப்புக்கென நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஊர் ஊராக விளக்குப்பொறி வைத்தார்கள். இரவில் விழுந்த பூச்சியைக் காலையில் எண்ணினார்கள். வெப்பம், மழை, ஈரப்பதம் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதினார்கள். வானிலைக் குறிப்பேடும் பூச்சிக் குறிப்பேடும் ஒரே மேசைக்கு வந்தது அப்போதுதான்.

ஆனாலும் கணக்கு இடித்தது. ஜூன் கடைசியில், ஜூலையில், ஏதோ ஓர் இரவில் பொறிகளில் திடீரென்று பூச்சி குவியும். முதல் நாள் வரை ஒன்றுமிராது. ஜப்பானில் குளிர்காலத்தில் நெல் நிற்பதில்லை. நெல் இல்லாமல் புகையான் உயிரோடு இருக்க வழியில்லை. அப்படியானால் நவம்பரிலிருந்து மே வரை அது எங்கே ஒளிந்திருக்கிறது? வரப்புப் புல்லில் முட்டையாக உறங்குகிறது என்றார்கள் சிலர். வரப்பு வரப்பாகத் தேடினார்கள். எதிர்பார்த்த முட்டை கிடைக்கவில்லை. கடல் தாண்டி வரலாம் என்று சொன்ன சிலரின் பேச்சு அன்று எடுபடவில்லை. ஓரிரு மில்லிகிராம் எடையுள்ள ஒன்று கடலைத் தாண்டும் என்று யார் நம்புவார்கள்?

ஓஜிக்கா கப்பலின் தளத்தில் கிடந்தது அந்தச் சந்தேகத்துக்கான சாட்சி.

* * *

அசாஹினாவும் சுருவோக்காவும் 1968 இல் செய்தியை வெளியிட்டார்கள். அதைப் படித்ததும் வேலையில் இறங்கியவர் கிஷிமோட்டோ ரியோய்ச்சி. புகையானின் இறக்கையை அவரளவுக்கு அறிந்தவர் அன்று வேறெவரும் இல்லை. ஒரே தாயின் முட்டைகளில் சில நீண்ட இறக்கையோடும், சில குட்டை இறக்கையோடும் வளர்வது ஏன் என்பதை 1950களிலேயே ஆராய்ந்தவர் அவர். குஞ்சுப் பருவத்தில் நெரிசல் அதிகமானால், பயிர் வதங்கினால், நீண்ட இறக்கை வரும், பூச்சி கிளம்பிவிடும். நல்ல பயிரில் போதிய இடம் கிடைத்தால் குட்டை இறக்கை. குட்டை இறக்கைக்காரி பறக்கமாட்டாள். முட்டையிடுவதுதான் அவள் வேலை. ஒரு வயலுக்கு ஜூலையில் வந்திறங்கும் சில நீண்ட இறக்கைப் பூச்சிகளின் மகளும் பேத்தியும் சேர்ந்துதான் செப்டம்பரில் அந்த வயலைக் கருக்குகிறார்கள்.

கியூஷு தீவின் சிக்குகோவில் உயரமான கம்பங்களில் வலைகளைக் கட்டினார் கிஷிமோட்டோ. விளக்கு இல்லை, இரை இல்லை. காற்று கொண்டுவருவதை மட்டும் பிடிக்கும் வலை. நாள்தோறும் வலையை அவிழ்த்து எண்ணி, அன்றைய வானிலை வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆண்டுக்கணக்கில் பார்த்தார்.

மெல்ல ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை ஜப்பானில் பையு என்ற மழைக்காலம். சீனாவிலிருந்து ஜப்பான்வரை நீண்ட மேகப்பட்டை ஒன்று கிடக்கும். அதன்மேல் சிறு காற்றழுத்தத் தாழ்வுகள் ஒவ்வொன்றாக மேற்கிலிருந்து கிழக்கே நகரும். தாழ்வு கியூஷுவுக்கு வடக்கே கடந்து, தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று உள்ளே புகும் நாட்களில்தான் வலை நிறைந்தது. மற்ற நாட்களில் வெறும் வலை.

வானிலை வரைபடத்தைப் பார்த்தே, நாளை வலை நிறையுமா என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. 1976 இல் இதை விரிவாக எழுதினார். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அந்தக் காற்று எங்கிருந்து கிளம்புகிறது?

தென்மேற்கே விரலை வைத்தால் சீனா. ஆனால் அவர் எண்ணத் தொடங்கிய காலத்தில், 1972 செப்டம்பர்வரை, ஜப்பானுக்கும் சீனாவுக்கும் தூதரக உறவே கிடையாது. பூச்சி ஓரிரவு, ஒரு பகலில் கடந்த கடலைக் கடந்து, இந்த ஆண்டு உங்கள் வயலில் புகையான் எப்படி என்று ஒரு விஞ்ஞானி இன்னொரு விஞ்ஞானியைக் கேட்க முடியாத நிலை.

* * *

அதே நேரத்தில் எதிர்க்கரையில் இன்னொரு கூட்டம் இதே கேள்வியோடு தவித்துக்கொண்டிருந்தது. சீனாவில் 1970களில் புகையான் கடுமையாகத் தாக்கியது. பல மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். விமானத்தில் வலை கட்டி வானில் பூச்சி பிடித்தார்கள். கோடையில் 1,500 மீட்டர் உயரத்தில், அதற்கு மேலும்கூட வலையில் விழுந்தன. இலையுதிர் காலத்தில் அதைவிடத் தாழ்வாக. மலையுச்சியில், கப்பலில், எங்கெங்கோ வலை வைத்தார்கள்.

1979 இல் செங் சியா-நியானும் அவருடைய சகாக்களும் தெளிவான சித்திரம் ஒன்றைத் தந்தார்கள். சீனப் பெருநிலத்தின் பெரும்பகுதியிலும் புகையான் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. ஆண்டு முழுவதும் நெல் பச்சையாக நிற்கும் தெற்குக் கோடியில்தான் அது தங்குகிறது. ஹைனான் தீவு, வட வியட்நாம் போன்ற இடங்கள். வசந்தத்தில் அங்கிருந்து தென்சீனா. ஜூன், ஜூலையில் யாங்சி ஆற்றுப் பகுதி. ஒரு கிளை காற்றோடு கிழக்கே திரும்பிக் கடலில் இறங்குகிறது. இலையுதிர் காலத்தில் காற்று திசைமாறும்போது ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. அந்தத் திரும்பும் பயணத்தைப் பின்னாளில் நான்ஜிங் அருகே பிரிட்டிஷ், சீன ஆய்வாளர்கள் ரேடாரிலேயே கண்டார்கள்.

நம் ஊரில் இவ்வளவு நீண்ட கதை தேவைப்படாது. காவிரிப் படுகையில் குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதி எங்காவது நெல் நின்றுகொண்டிருக்கும். பூச்சிக்கு ஒதுங்க உள்ளூரிலேயே இடமுண்டு. ஜப்பானில் ஒவ்வோராண்டும் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் அங்கே 'எந்த நாளில் வந்தது' என்பது உயிர்நாடியான கேள்வி ஆயிற்று. வந்த நாள் தெரிந்தால், அன்றிலிருந்து தினசரி வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போய், முட்டை பொரியும் நாளைக் கணிக்கலாம். குஞ்சு வெளிவரும் அந்தச் சில நாட்களில் மருந்தடித்தால் ஒரு தடவை போதும். நாள் தவறினால் மூன்று தடவை அடித்தும் பயனிருக்காது. அதைத் தின்னும் சிலந்தியும் செத்துப்போகும்.

1987 இல் செய்னோ என்ற வேளாண் வானிலையாளரும் அவருடைய குழுவும் அடுத்த முடிச்சை அவிழ்த்தார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மேகப்பட்டையின் தெற்கு ஓரமாக, தென்மேற்கிலிருந்து ஒரு வேகக் காற்று ஓடுகிறது. கீழ்மட்ட ஜெட் காற்று என்பார்கள். வினாடிக்கு 12 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளில் 1,000 கிலோமீட்டர் தாண்டிவிடும். அந்தக் காற்று தென்சீனாவிலிருந்து கியூஷுவரை அறுபடாமல் நீண்ட நாட்களில் பூச்சி வந்தது. பிறகு வதனபே முதலியவர்கள் அந்தக் காற்றைக் கணினியில் தேடி எச்சரிக்கை தரும் முறையை உருவாக்கினார்கள்.

இப்போது 'வரும்' என்று சொல்ல முடிந்தது. ஆனால் விவசாயி கேட்டது வேறு. என் மாவட்டத்துக்கு வருமா? எந்த இரவில்?

அதற்கு விடை சொல்லும் கருவி, நெல்லுக்குத் துளியும் தொடர்பில்லாத ஒரு துயரத்திலிருந்து பிறந்தது.

* * *

1986 ஏப்ரல் 26. செர்னோபில் அணு உலை வெடித்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில், சுமார் 8,000 கிலோமீட்டர் தள்ளி, ஜப்பானில் பெய்த மழையில் கதிர்வீச்சுத் துகள் தென்பட்டது. உலகின் ஏதோ ஒரு மூலையில் வெடித்தால் அந்தத் தூசு எந்த நாளில், எங்கே விழும் என்று கணிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஜப்பானிய அணுசக்தி ஆராய்ச்சிக் கழகம் அதற்கென ஒரு கணினி முறையை வளர்த்தெடுத்தது. வானிலைத் தரவை உள்ளே கொடுத்தால், கற்பனைத் துகள்களை ஆயிரக்கணக்கில் காற்றில் விட்டு, ஒவ்வொன்றும் போகும் வழியைக் கணக்கிடும்.

2000களின் தொடக்கத்தில் ஒட்சுக்கா அகிரா, வதனபே, மட்சுமுரா முதலிய வேளாண் ஆய்வாளர்களும், ஃபுருனோ முதலிய அணுசக்திக் கழகத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கதிர்வீச்சுத் துகளின் இடத்தில் புகையானை வைத்தால் என்ன?

இந்தத் தொடரில் நான் மிகவும் விரும்பும் தருணம் இதுதான். கூட்டு வேலை என்றால் இதைத்தான் சொல்வேன். தூசுக்கு விருப்பம் கிடையாது, பூச்சிக்கு உண்டு. அந்த விருப்பத்தையெல்லாம் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. புகையான் நினைத்த நேரத்தில் கிளம்பாது; அந்தியிலும் விடியலிலும்தான் எழும்பும். ஆகவே துகள்களும் அந்த இரண்டு பொழுதில் மட்டுமே கிளம்பின. எழும்பியதும் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வீதம் ஒரு மணி நேரம் மேலேறும். காற்று 16.5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் அதன் இறக்கை அடிக்காது என்று பழைய ஆய்வு ஒன்று கண்டிருந்தது. அந்த வெப்பநிலைக் கோட்டைத் தாண்டித் துகள் ஏறாதபடி கணினியில் ஒரு கூரை போட்டார்கள்.

எங்கிருந்து கிளப்புவது? மே, ஜூனில் எந்த மாகாணத்தில் நெல் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று பார்த்து, நீண்ட இறக்கைப் பூச்சி கிளம்பக்கூடிய வயல்களைத் தேர்ந்தார்கள். தென்சீனா, ஃபூஜியன், தைவான். பிறகு அடுத்த சில நாட்களுக்கான காற்றின் முன்கணிப்பைக் கொடுத்து ஓடவிட்டார்கள்.

திரையில் கிழக்குச் சீனக் கடலின்மேல் ஒரு மேகம் நகர்ந்தது. மறுநாள் அது கியூஷுவின் மேற்குக் கரையைத் தொட்டது. அடர்த்தி கூடிய இடம் ஒரு நிறம், குறைந்த இடம் வேறு நிறம். அன்றிரவு வைத்த பொறிகளில் பூச்சி விழுந்ததா என்று ஒப்பிட்டார்கள். தவறிய நாட்கள் இருந்தன. பெரும்பான்மை நாட்களில் பொருந்தியது. விரைவிலேயே அந்த வரைபடம் மாவட்டப் பயிர்ப் பாதுகாப்பு அலுவலர்களின் அன்றாடப் பார்வைக்கு வந்தது. சாக்குபெயின் ஊரில் ஒரு விவசாயி, தன் வயலில் புகையான் இறங்குவதற்கு முந்தைய நாளே எச்சரிக்கை பெறும் காலம் வந்துவிட்டது.

* * *

2005.

சீனாவில், கொரியாவில், ஜப்பானில் ஒரே பருவத்தில் புகையான் வெடித்துப் பெருகியது. கியூஷு வயல்களில் மறக்கப்பட்டிருந்த வட்டக் கருகல் மறுபடி தலைகாட்டியது. வரைபடம் தவறவில்லை. விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. 1990களிலிருந்து கைகொடுத்துவந்த இமிடாகுளோபிரிட் மருந்தை நாற்றுத் தட்டிலேயே இட்டுத்தான் நட்டிருந்தார்கள்.

பூச்சி சாகவில்லை.

மட்சுமுராவின் குழு பூச்சிகளைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் அளந்து ஒரு நுண்ணிய மருந்துத் துளி. முன்பு கொன்ற அளவில் புகையான் பிழைத்தது. ஆனால் அதே காற்றில், அதே இரவில், அதன் பக்கத்திலேயே பறந்துவந்த வெண்முதுகுத் தத்துப்பூச்சி அந்த மருந்தில் செத்தது. ஃபிப்ரோனில் என்ற வேறொரு மருந்துக்குத்தான் அது அசையவில்லை. புகையானோ ஃபிப்ரோனிலில் செத்தது.

ஒரே காற்று கொண்டுவந்த இரண்டு பூச்சிகள். இரண்டு விதமான எதிர்ப்பு. கடலுக்கு இந்தப் பக்கத்து வயல்களில் இறங்கும் முன்பே எங்கோ அவை அதைப் பெற்றுவிட்டிருந்தன.

எந்த நாட்டு வயலில்? யார் தெளித்த மருந்தில்? அதுவரை முன்னோக்கி மட்டுமே ஓடவிட்ட காற்றின் கணக்கை, பொறியில் பூச்சி விழுந்த இரவிலிருந்து பின்னோக்கி ஓடவிட்டார்கள். கோடுகள் கடலைத் தாண்டின. தென்சீனாவையும் தாண்டின. அவை போய் நின்ற இடத்தைத் தேடி ஆய்வாளர்கள் வியட்நாமுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் பூச்சி பிடிக்கக் கிளம்பினார்கள். பிலிப்பைன்ஸில் பிடித்த புகையானின் முதுகில் அதே இமிடாகுளோபிரிட் துளியை வைத்தபோது…

(தொடரும்)